புல்வெளிக் கொக்கு ஈ: அதன் வகுப்பும் வாழிடமும் பரவலும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்குப் பாகத்திலுள்ள தேசங்களில் மேய்ச்சல் நிலமே அநேக குடியானவர்களின் ஜீவனத்திற்கு ஆதாரமாக இருக்கிறது. பாலும் மாமிசமும் கம்பளியும் புல்லிலிருந்தே கிடைப்பனவாகையால், புல்லுக்கு வரும் கேடு குடும்பத்திற்கு வரும் கேடாகும். அவ்விதக் கேடுகளுள் ஒன்று, வசந்த காலத்தில் புல் தழைக்க வேண்டிய சமயத்தில், வயலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் புல் மஞ்சளித்து மடிந்து, மண் வெறுமையாகத் தோன்றுவது. காக்கைகளும் மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளும் அவ்விடங்களில் கூட்டமாக இறங்கி மண்ணைக் கொத்திக் கிளறும். மண்ணை ஓரங்குல ஆழம் தோண்டிப் பார்த்தால், கால்களற்றதும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையதும் தடித்த தோலையுடையதுமான புழுக்கள் காணப்படும். இப்புழுவை ஆங்கிலேயர் 'லெதர் ஜாக்கெட்', அதாவது தோற்சட்டை, என்று அழைப்பர். இது கொக்கு ஈ எனப்படும் நெடுங்கால் ஈயின் புழுவாகும்.

இப்புழு எந்த ஈயினுடையது, அந்த ஈ எவ்வகுப்பைச் சேர்ந்தது, எவ்வித நிலத்தில் வாழ்வது, எந்தெந்தத் தேசங்களில் பரவியுள்ளது என்பவற்றை அறிவது வெறும் புத்தக அறிவென்று எண்ணுதல் கூடாது. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இனங்களை ஒன்றென மயங்கினால், மருந்திடும் பருவம் தவறும், செலவு வீணாகும், பயிரும் அழியும். இக்கட்டுரையில் கூறப்படும் விஷயம் முழுவதும் இதற்கு ஓர் உதாரணமாகும்.

1. வகுப்பு

பூச்சிகளுள் ஒரு ஜோடி இறகுகளை மட்டும் உடையவை இரட்டையிறகு வரிசையைச் சேர்ந்தவை. பின்னிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரண்டு சிறு குமிழ்கள் மட்டுமே இவற்றிற்கு உண்டு. பறக்கும்பொழுது உடல் நிலை தவறாதிருக்க இவை உதவுகின்றன. வீட்டு ஈ, கொசு, பழ ஈ ஆகிய யாவும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே. இவ்வரிசையில், பல கணுக்களைக் கொண்ட நீண்ட உணர்கொம்புகளையுடையவற்றை நீள்கொம்புப் பிரிவு என ஒதுக்கியுள்ளனர். கொசுவும், நெற்பயிரில் ஆனைக்கொம்பன் நோயை உண்டாக்கும் சிறு ஈயும், இங்குக் கூறப்படும் கொக்கு ஈயும் இப்பிரிவில் அடங்கும். ஆகவே, கொக்கு ஈயைப் பார்ப்பவர் அதைப் பெரிய கொசுவென்று கருதுவது முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. அது கொடிய விஷமுடையதென்று மேனாட்டில் வழங்கும் வதந்தியில் உண்மை சிறிதுமில்லை.

கொக்கு ஈக்களை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் போதும். முதலாவது, மார்பின் மேற்புறத்தில் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற ஒரு மடிப்பு இருத்தல். இரண்டாவது, தலையுச்சியில் பல பூச்சிகளுக்குள்ள சிறு கண்கள் இல்லாதிருத்தல். பனிக்காலக் கொசு எனப்படும் மற்றொரு குடும்பத்தின் ஈக்கள் உருவத்தில் இவற்றைப் போலிருந்தாலும், அவற்றிற்கு அச்சிறு கண்கள் உண்டு. கொக்கு ஈயின் கால்கள் மிக நீண்டவை. பிடித்தால் உடனே கழன்று கையோடு வந்துவிடும்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கொக்கு ஈ இனங்கள் 15,000க்கு மேற்பட்டவை. இவற்றை டிபுலிடே, லிமோனிடே, பெடிசிடே, சிலிண்ட்ரோடோமிடே என நான்கு குடும்பங்களாகப் பல அறிஞர்கள் பகுத்திருக்கின்றனர். இவற்றுள் 11,000க்கு அதிகமான இனங்களை முதன்முதலில் விவரித்தவர் அமெரிக்க அறிஞரான சார்லஸ் பால் அலெக்ஸாண்டர் (1889-1981) என்பவர். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள இனங்கள் பலவற்றிற்கும் அவரே பெயரிட்டார். இத்தனை இனங்களுள் பயிருக்குக் கேடு செய்பவை மிகச் சிலவே. பெரும்பாலானவற்றின் புழுக்கள் நீரோடைக் கரைகளிலும் பாசியிலும் உளுத்த மரத்திலும் மக்கிய இலைகளிலும் வாழ்ந்து, அவற்றை மண்ணோடு மண்ணாக்க உதவுகின்றன. எனவே, கொக்கு ஈ என்ற பெயரைக் கேட்டவுடன் பகையென்று தீர்மானித்தல் தவறாகும்.

புல்வெளிகளைக் கெடுக்கும் முக்கிய இனம் டிபுலிடே குடும்பத்தைச் சேர்ந்த டிபுலா பலுடோசா என்பது. இதை 1830-ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்டவர் ஜெர்மானியரான யோஹான் வில்ஹெல்ம் மைகென் (1764-1845). ஐரோப்பாவின் இரட்டையிறகுப் பூச்சிகளைப் பற்றிப் பல பாகங்களாக அவர் வெளியிட்ட பெருநூலில் இவ்வினம் இடம் பெற்றது. 'பலுடோசா' என்னும் லத்தீன் சொல்லுக்குச் சதுப்பு நிலத்தது என்று பொருள். இதற்கு நெருங்கிய உறவுடைய மற்றோர் இனம் டிபுலா ஒலெரேசியா. இதற்கு 1758-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பெயரிட்டார். அப்பெயர் காய்கறித் தோட்டத்தைக் குறிக்கும். பெயர்கள் சதுப்பையும் தோட்டத்தையும் சுட்டினாலும், இரண்டின் புழுக்களும் புல்வெளியிலும் பயிர் நிலத்திலும் கலந்தே காணப்படுகின்றன. ஆகையால் புழு கிடைத்த இடத்தைக் கொண்டு மட்டும் இனத்தை நிர்ணயிக்க இயலாது.

2. இரண்டு இனங்களையும் பிரித்தறியும் முறை

இவ்விரண்டு இனங்களின் ஈக்களும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுள்ளவை. உடல் சுமார் முக்கால் அங்குலம் முதல் ஓரங்குலம் வரை நீளமுள்ளது. இறகின் முன்னோரத்தில் ஒரு பழுப்புக் கோடு உண்டு. பெண் ஈயின் வயிறு கூராக முடியும். ஆண் ஈயின் வயிறு மழுங்கிப் பருத்திருக்கும். இவ்வளவும் இரண்டிற்கும் பொதுவானவை. வேறுபாடுகள் பின்வருமாறு:

(அ) உணர்கொம்பு: பலுடோசா இனத்திற்கு உணர்கொம்பில் 14 கணுக்கள், ஒலெரேசியா இனத்திற்கு 13 கணுக்கள்.

(ஆ) பெண்ணின் இறகு: பலுடோசா இனத்தின் பெண்ணுக்கு இறகு வயிற்றைவிடக் குட்டையானது. ஒலெரேசியா இனத்தின் பெண்ணுக்கு இறகு வயிற்றின் நுனியை எட்டும், அல்லது அதைக் கடந்து நீளும்.

(இ) கண்கள்: தலையின் அடிப்புறத்தைப் பார்த்தால், பலுடோசா இனத்தில் இரு கண்களுக்கும் இடையே அகன்ற வெளி இருக்கும், ஒலெரேசியா இனத்தில் அவை நெருங்கியிருக்கும்.

கணுக்களை எண்ணுவதற்குக் கைப் பூதக்கண்ணாடி ஒன்று போதும். பெண்ணின் இறகைக் கண்ணாலேயே பார்த்தறியலாம். ஆனால், புழுப் பருவத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கும் எளிதன்று. ஆதலால், வயலில் பறக்கும் ஈக்களைப் பிடித்துப் பார்த்தே இனத்தை நிச்சயிக்க வேண்டும்.

இவ்வேறுபாடுகளால் யாது பயன் எனில், பலுடோசா வருஷத்திற்கு ஒரு தலைமுறையே உடையது; அதன் ஈக்கள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெளிப்படும். ஒலெரேசியா வருஷத்திற்கு இரண்டு தலைமுறைகளைக் காணக்கூடியது. வசந்த காலத்தில் ஒரு முறையும், கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் மறுமுறையும் அதன் ஈக்கள் வெளிப்படும். வசந்த காலத்தில் ஈக்களைக் கண்ட குடியானவர் அவற்றைப் பலுடோசா எனக் கருதினால், செப்டம்பர் வரை பயமில்லையென்று வாளாவிருந்து ஏமாறுவார். இரண்டும் கலந்துள்ள பிரதேசத்தில், ஒன்றை உத்தேசித்து எழுதிய பருவக் குறிப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

3. வாழ்க்கைச் சரிதம்

பலுடோசாவின் ஈ மண்ணைவிட்டு வெளிவந்த உடனேயே இணைகின்றது. முட்டைகள் பெண்ணின் வயிற்றில் அப்பொழுதே முதிர்ந்திருப்பதால், உடல் கனத்து அது அதிகம் பறக்க இயலாமல், வெளிவந்த இடத்திற்கு அருகிலேயே பெரும்பாலான முட்டைகளை இட்டுவிடுகிறது. ஒரு பெண் 200 முதல் 300 வரை முட்டைகளிடும். முட்டை கருநிறமுடையது, நீள்வட்டமானது, சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ளது. கூரிய வயிற்று நுனியை மண்ணில் செலுத்தி, மேல்மட்டத்திற்குச் சற்றே கீழே முட்டைகள் இடப்படும். ஈயின் ஆயுள் ஒன்றிரண்டு வாரங்களே. அது பயிரைத் தின்பதில்லை. கேடு முழுவதும் புழுவினால் விளைவது.

சுமார் இரண்டு வாரங்களில் முட்டை பொரிகின்றது. புழு நான்கு பருவங்களைக் கடக்கின்றது. பனிக்காலத்தைப் பெரும்பாலும் மூன்றாம் பருவத்தில் கழித்து, வசந்த காலத்தில் நான்காம் பருவமடைந்து மிகுதியாகத் தின்னத் தொடங்கும். முழு வளர்ச்சியில் ஒன்றரை அங்குலம் வரை நீளமிருக்கும். பகலில் மண்ணினுள் இருந்து வேரையும் தண்டின் அடியையும் கடிக்கும்; வெதுவெதுப்பும் ஈரமுமான இரவுகளில் மேலே வந்து தண்டையும் இலையையும் அறுக்கும். கோடையின் நடுவில் தின்பதை நிறுத்தி, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. ஈ வெளிவரும் சமயம் கூட்டுப்புழு நெளிந்து மேலேறி, உடலின் பாதி வெளியே தெரியும்படி நிற்கும். ஈ பறந்த பின்னர் அதன் வெற்றுத் தோல் புல்லின் நடுவே குச்சிபோல் நிற்பதைக் காணலாம். அத்தோல்கள் மிகுந்திருக்கும் வயலில் அடுத்த வசந்தத்தில் புழுக்கள் மிகுதியாக இருக்கக்கூடும்.

இப்புழுவை வெட்டுப் புழுவோடு மயங்குவதும் உண்டு. வெட்டுப் புழு அந்துப்பூச்சியின் புழு. அதற்குக் கால்களும் தெளிவான தலையும் உண்டு. கொக்கு ஈயின் புழுவுக்குக் கால்களில்லை. தலை உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படும். வாலின் நுனியில் ஆறு சதைக் கதுப்புகள் சூழ்ந்த இரண்டு மூச்சுத் துளைகள் இரண்டு கரும்பொட்டுகள்போல் தோன்றும்.

4. வாழிடம்

இவ்வினத்தின் வாழிடத்தை நிர்ணயிப்பது ஈரமே. முட்டை தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சியே வளர்கின்றது. மண் வறண்டால் சுருங்கி இறக்கும். புதிதாகப் பொரித்த புழுவும் வறட்சியைத் தாங்காது. ஆகவே, முட்டையிட்டது முதல் முதற்பருவப் புழு வளரும் வரை, அதாவது ஆகஸ்டு கடைசி முதல் சில வாரங்கள், மேல்மண் ஈரமாக இருப்பது இவ்வினத்தின் வாழ்வுக்கே அவசியமாகும். முதிர்ந்த புழு இவ்வளவு மென்மையானதன்று.

இதனால், நிரந்தர மேய்ச்சல் நிலம், புல்தரை, புல் மூடிய வரப்பு, வடிகால் சரியில்லாத கனத்த மண், கரிமச்சத்து மிகுந்த மண் ஆகியவற்றில் புழுக்கள் மிகுந்து காணப்படும். பழைய புல்நிலத்தை உழுது வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், கோதுமை, பீட்ரூட், முட்டைக்கோஸ் முதலியவற்றைப் பயிரிட்டால், புல்லில் பரவியிருந்த புழுக்கள் யாவும் சில இளம் நாற்றுகளின் மேல் திரளும். புல்லில் வெளித் தெரியாதிருந்த புழுத் தொகையே, பயிரில் வரிசை வரிசையாக அழிவை உண்டாக்கப் போதுமானது.

ஈரத்திற்கும் புழுத் தொகைக்கும் உள்ள சம்பந்தத்தை இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள நார்தம்பர்லண்டு பிரதேசத்தில் நடந்த ஆராய்ச்சி தெளிவாக்கியது. அங்கே 1955, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளில் புழுத் தொகை திடீரெனச் சரிந்தது. முட்டையும் இளம்புழுவும் மண்ணில் இருந்த காலத்து வறட்சியே காரணமென்று 1965-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை காட்டிற்று. பறவைகளும் ஒட்டுண்ணிகளும் நோய்களும் ஆண்டுதோறும் செய்யாததை, வறண்ட சில வாரங்கள் செய்துவிட்டன. இதிலிருந்து, ஓர் ஆண்டின் செப்டம்பர் மழையைக் கவனித்தால் மறு வசந்தத்தின் அபாயத்தை ஓரளவு முன்னரே மதிப்பிடலாம் என்பது பெறப்படும்.

புழுவின் சேதம் பண்ணையோடு நிற்பதன்று. 1935-ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள புகழ்பெற்ற லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் புல்லை இத்தோற்சட்டைப் புழுக்கள் அழித்தன. வெறுமையாகிவிட்ட அத்தரையில் அவ்வாண்டு நடந்த பந்தயத்தில் தென்னாப்பிரிக்கர் 157 ஓட்டங்களால் வென்றனர். இங்கிலாந்து மண்ணில் அவர்கள் அடைந்த முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. அத்தனை கவனத்தோடு பேணப்பட்ட புல்தரையே கெடுமாயின், பரந்த மேய்ச்சல் நிலத்தின் கதியைக் கூற வேண்டுவதில்லை.

5. பரவல்

மிதமான பனிக்காலமும் குளிர்ந்த கோடையும் வருஷத்திற்குச் சுமார் 600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும் உள்ள பிரதேசங்கள் பலுடோசாவுக்கு ஏற்றவை. பிரிட்டன், அயர்லாந்து, ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனியின் வடபாகம், டென்மார்க் முதலிய தேசங்கள் இதன் சொந்த நிலமாவதற்குக் காரணம் இதுவே. ஒலெரேசியாவோ இவற்றோடு நில்லாமல் தெற்கே மத்தியதரைக் கடற்பிரதேசம் வரை பரவியுள்ளது.

அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தும் இவ்வினம் சென்றிருக்கிறது. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள கேப் பிரெட்டன் தீவில் 1955-லும், மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1965-லும், அதற்கடுத்த அமெரிக்க வாஷிங்டன் ராஜ்யத்தில் 1966-லும் பலுடோசா காணப்பட்டது. இவை மூன்றும் கடற்காற்றினால் குளிர்ச்சியும் ஈரமும் பெறும் இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாகப் பறக்க இயலாத ஈ இவ்வளவு தூரம் தானே சென்றிருக்க முடியாது. மண்ணோடு அனுப்பப்பட்ட செடிகளின் மூலமாகச் சென்றிருக்கலாமென்று கருதப்படுகிறது. 2004-ல் நியூயார்க் ராஜ்யத்திலும் இது காணப்பட்டது.

மேற்குக் கரையில் பலுடோசா ஒன்றே இருப்பதாகப் பல ஆண்டுகள் கருதப்பட்டு வந்தது. 1998-ல் ஒலெரேசியாவும் அங்கு இருப்பது கண்டறியப்பட்டது. உருவ ஒற்றுமையினால், இரண்டாவது இனம் கண்ணெதிரே பறந்தும் வேறென்று உணரப்படாமல் சில காலம் இருந்திருக்கக்கூடும். தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்து உயர்ந்த மலைப் பிரதேசத்திலும் ஒலெரேசியா குடியேறியிருப்பதாக 1999-ல் அறிவிக்கப்பட்டது. பூமத்திய ரேகைக்கு அருகிலாயினும், மலையின் உயரம் ஐரோப்பாவைப் போன்ற குளிர்ச்சியைத் தருவதே அதற்கு இடமளித்தது. தேசப்படத்தைப் பார்த்து மட்டும் ஒரு பூச்சி இங்கு வராதென்று தீர்மானிக்கலாகாது. சீதோஷ்ணமும் மண்ணின் ஈரமுமே பார்க்கத்தக்கவை.

6. தடுப்பு முறைகள்

முற்காலத்தில் தவிட்டோடு பாரிஸ் பச்சை என்னும் விஷத்தைக் கலந்து மாலையில் தூவினர். பின்னர் டி.டி.டி.யும், அதன் பின் குளோர்பைரிபாஸ் என்னும் மருந்தும் வழங்கின. குளோர்பைரிபாஸை மேய்ச்சல் நிலத்தில் உபயோகிப்பது பிரிட்டனில் 2016-ல் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய யூனியனிலும் 2020-ல் அதன் அனுமதி முடிவுற்றது. ஆகவே, புழுவைக் கண்டபின் மருந்தடித்து அழிக்கும் எளிய வழி அங்குள்ள குடியானவர்களுக்கு இப்பொழுது இல்லை. பூச்சியின் சரிதத்தை அறிந்து முன்கூட்டியே நடப்பதே அவர்களுக்கு எஞ்சியுள்ள பலமாகும். அவர்கள் கையாளக்கூடிய முறைகள் வருமாறு:

(அ) புழுக் கணக்கெடுத்தல்: பனிக்காலத்தில் வயலின் பல இடங்களில் சிறு குழாய்த் துண்டுகளை மண்ணில் அடித்து இறக்கி, அவற்றுள் கரித்த உப்பு நீரை ஊற்ற வேண்டும். புழுக்கள் மேலே மிதக்கும். அவற்றை எண்ணிச் சதுர அடிக்கு இத்தனையென்று கணக்கிடலாம். செழித்து வளர்ந்த புல்தரை சதுர அடிக்குச் சுமார் 25 புழுக்கள் வரை தாங்குமென்பது வாஷிங்டன் ராஜ்யத்து அனுபவம். ஆகவே, புழு இருக்கிறதென்பதற்காகவே மருந்திடுதல் வீண். இளநாற்றுப் பயிர் இத்தனை தாங்காது.

(ஆ) உழவின் பருவம்: புல்நிலத்தைப் பயிர்நிலமாக மாற்றுவதாயின், ஈக்கள் வெளிப்பட்டு முட்டையிடுமுன், ஜூலை மாதத்திலேயே உழுதுவிடுவது நலம். புல் மூடாத வெறும் மண்ணை ஈக்கள் அதிகம் நாடுவதில்லை.

(இ) ஈரத்தைக் கட்டுப்படுத்தல்: வடிகாலைச் சீர்படுத்துவதால் மேல்மண் விரைவில் உலரும். நீர் பாய்ச்சும் புல்தரைகளில் செப்டம்பர் மாதத்தில் பாய்ச்சலைக் குறைத்தால் முட்டைகளும் இளம்புழுக்களும் பெருமளவு மடியும். செலவில்லாத முறை இது.

(ஈ) இயற்கைப் பகைவர்: ஸ்டார்லிங், காக்கை, கடற்புறா முதலிய பறவைகள் ஏராளமான புழுக்களைத் தின்கின்றன. அவை புல்லைக் கிளறுவதைக் கண்டு விரட்டுவது, காவற்காரனைத் திருடனென்று துரத்துவதற்கு ஒப்பாகும். புழுவின் உடலை நீல ஒளி வீசச் செய்து கொல்லும் ஒரு வைரஸ் நோயும் 1954-ல் அறிவிக்கப்பட்டது.

(உ) நுண்புழு: ஸ்டைனர்நீமா பெல்டியே என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவை நீரில் கலந்து புல்தரைக்கு இடுவதுண்டு. தோற்சட்டைப் புழு இளமையாயிருக்கும் இலையுதிர்காலத்தில், மண்ணின் உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமலும் மண் ஈரமாயும் இருக்கும்பொழுதே இது பலன் தரும். வசந்தத்தில் முதிர்ந்த புழுவின்மேல் இட்டால் பலன் குறைவு. விலை மிகுதியாதலால் மைதானங்களுக்கு ஏற்குமேயன்றிப் பரந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏற்பதரிது.

மேற்கூறிய முறைகள் யாவும் ஒரு காலத்தைப் பற்றியே நிற்பதைக் காணலாம். உழவு முட்டைக்கு முன்னும், உலர்த்துதல் முட்டையின்போதும், நுண்புழு இளம்புழுவின்போதும், கணக்கெடுப்பு பனிக்காலத்திலும் நடைபெற வேண்டும். அக்காலத்தைக் காட்டுவது இனத்தின் பெயர். அப்பெயரைக் காட்டுவது உணர்கொம்பின் பதினான்காவது கணு. நோயுற்ற புல்லைப் பார்த்து மருந்தைத் தேடுவதற்கு முன், பூதக்கண்ணாடியும் மண்வெட்டியும் கொண்டு வயலில் ஒரு மணி நேரம் செலவிடும் குடியானவர், அதன் பயனை மறு வசந்தத்தின் புல்லில் காண்பார்.